அறுபத்தாறு அடிக் கம்பி

போன மாதம் ஒரு பிள்ளை கடைக்கு வந்து, "அண்ணா, பதினாலு கேஜ் காப்பர் எழுபது அடி வேணுங்கண்ணா" என்றாள். கோவை கணபதியில் நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். இங்கே கம்பி கிலோக் கணக்கில்தான் போகும். யாராவது அடிக்கணக்கில் கேட்டால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: ஹாம் ரேடியோவுக்கு ஆன்டெனா கட்டப் போகிறார்கள்.

"நாப்பது மீட்டர் டைபோலா கண்ணு?"

டைபோல் என்றால் நடுவில் பிரிந்து ரெண்டு பக்கமும் நீளுகிற கம்பி ஆன்டெனா; நாற்பது மீட்டர் என்பது அலையின் நீளம். அவள் பதில் சொல்லாமல் நோட்டைத் திறந்து காட்டினாள். கம்பி நீளத்துக்கான சூத்திர எண் 468ஐ, பேசப்போகும் அலைவரிசையான 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்திருந்தாள். விடை அறுபத்தாறு அடி. முடிச்சுப் போட நாலு அடி சேர்த்து எழுபது. கணக்கு சரியாக இருந்தது. கம்பியை அளந்து தராசில் வைத்தேன். அறுநூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. காசு வாங்கவில்லை. "யாரு கட்டறாங்க?" என்று மட்டும் கேட்டேன். "நானேதானுங்கண்ணா, எங்க வீட்டு மாடியில" என்றாள். அது நடக்காது என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி எங்கள் கிளப் குரூப்பில் ஒரு வரி போட்டேன்: அன்னூர் பக்கம் கம்பி கட்டணும், ஞாயித்துக்கிழமை யார் யார் வர்றீங்க?

1995இல் என் வீட்டு மாடிக்குக் கம்பி கட்ட ஒன்பது பேர் வந்தார்கள். வாட்ஸாப் இல்லாத காலத்தில் அந்த ஒன்பது பேரையும் யார் சேர்த்தது, எப்படிச் சொல்லி அனுப்பினார்கள் என்று நான் இன்றுவரை கேட்டுக்கொண்டதில்லை. அன்று ராத்திரி அதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. பன்னிரண்டு வயசு நிரம்பிய யாரும் ஒரு பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ஒரு வயர்லெஸ் நிலையம் வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டுக்காரர்களின் அழைப்புக்குறி வி.யூ. என்ற எழுத்துகளில் தொடங்கும். வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. நடுவில் டவர் இல்லை, கம்பெனி இல்லை, மாத வாடகை இல்லை. உங்கள் கம்பியிலிருந்து கிளம்புகிற அலை வானத்தில் பட்டுத் திரும்பி இன்னொருத்தர் கம்பியில் விழுகிறது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்னை முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்து வைத்திருக்கிறது.

எனக்கு வழிகாட்டியவர் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிகல் ஃபோர்மேன். எங்கள் எல்லோருக்கும் ஃபோர்மேன் அண்ணா. மில் மோட்டார்களை வைண்டிங்குக்கு எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார். அப்போது நான் என் சித்தப்பா கடையில் சுருள் போடுகிற பையன். சுருள் சுற்றும்போது எண்ணிக்கை தவறாமல் இருக்க நான் வாய்க்குள் ஒரு தாளம் போட்டுக்கொள்வேன். ஒரு நாள் அதைக் கவனித்துவிட்டு, "தம்பி, உனக்கு மோர்ஸ் வரும்" என்றார். மோர்ஸ் என்றால் என்னவென்றே எனக்கு அப்போது தெரியாது.

ஒரு பிசி148 டிரான்சிஸ்டர், பழைய இயர்ஃபோன், ஒன்பது வோல்ட் பேட்டரி. அதை வைத்து 'பீப்' சத்தம் போடுகிற ஒரு சின்னப் பெட்டியை அவரே செய்து கொடுத்தார். புள்ளி, கோடு என்று எழுதிப் பார்க்கவே கூடாது என்பது அவர் கட்டளை. "எழுதினா எண்ணுவே. எண்ணினா பிந்திடுவே. காதுல பாட்டா விழோணும்" என்பார். வி என்றால் டிடிடிடா. யூ என்றால் டிடிடா. ரெண்டு என்றால் டிடிடாடாடா. மில் ஷிப்ட் முடிந்து பொழுதோட வந்து, கடைப் பலகையில் உட்கார்ந்து தட்டுவார். நான் சுருள் சுற்றிக்கொண்டே வாயால் எழுத்துச் சொல்ல வேண்டும். ஆறு மாசத்தில் நிமிஷத்துக்கு ஐந்து சொல் வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டாம் நிலை லைசென்ஸுக்கு அதுதான் அளவு. மெட்ராசுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பரீட்சை எழுதினேன்.

பரீட்சை பாஸாகியும் லைசென்ஸ் கையில் வர ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. 1991 மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் வயர்லெஸ் என்ற சொல்லே பயமாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவர் அழைப்புக்குறி வி.யூ.2 ஆர்.ஜி. விசாரணைக்கு வந்தவர் என் அம்மாவிடம், "உங்க பையன் யாருகிட்டப் பேசறதுக்கு இதெல்லாம் பண்றான்?" என்று கேட்டிருக்கிறார். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் ஃபோர்மேன் அண்ணா தன் லைசென்ஸ், தன் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த கியூ.எஸ்.எல். கார்டுகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் எடுத்துவந்து அம்மா முன்னால் பரப்பினார். ரஷ்யா, ஜப்பான், இத்தாலி. ஒவ்வொரு கார்டும் ஒரு பேச்சுக்குச் சாட்சி. "இவுங்ககிட்டத்தானுங்க பேசுவான்" என்றார். அம்மா ஜப்பான் கார்டில் இருந்த மலைப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு எதுவும் சொல்லவில்லை.

லைசென்ஸுக்குக் காத்திருந்த அந்தக் காலத்தில்தான் கிளப்புக்குப் போகத் தொடங்கினேன். கிளப் என்றால் கட்டடம் கிடையாது, போர்டு கிடையாது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு ஒரு பள்ளிக்கூடத்தின் இயற்பியல் அறையில் கூடுவோம். அங்கே வேலை பார்த்த வாத்தியார் எங்களில் ஒருத்தர். மில்காரர், டாக்டரம்மா, பம்ப்செட் பட்டறைக்காரர், ரெண்டு காலேஜ் பசங்க, பொள்ளாச்சி ரோட்டில் தென்னந்தோப்பு வைத்திருந்த தோட்டத்து அண்ணா. வெளியே ஒருத்தருக்கொருத்தர் பழகுவதற்கு ஒரு முகாந்திரமும் இல்லாதவர்கள். உள்ளே வந்துவிட்டால் அழைப்புக்குறியின் கடைசி எழுத்துகள்தான் பேர். பல பேரின் நிஜப் பேர் எனக்கு அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்தான் தெரிந்தது.

அந்த அறைக் கூட்டங்கள் பெரும்பாலும் மறந்துபோய்விட்டன. கம்பி கட்டிய நாட்கள் ஒன்றுகூட மறக்கவில்லை.

முதல் தடவை, கிணத்துக்கடவு தாண்டித் தோட்டத்து அண்ணாவின் சாளை. அவர் எழுபதுகளிலிருந்து காற்றில் இருந்தவர். 807 வால்வு போட்ட டிரான்ஸ்மிட்டர் தானே கட்டியது. அது ஏஎம் காலத்துச் சாமான். அட்டாலியில் ஏற்றி வைத்துவிட்டு, செகண்ட்ஹேண்டில் யாயெசு எஃப்.டி.101 என்ற ரேடியோ செட் ஒன்று வாங்கியிருந்தார். அதற்குப் புதுக் கம்பி வேண்டும். நாற்பது தப்படி இடைவெளியில் ரெண்டு நெட்டை மரம். கேட்டால் சுலபம்.

ஆனால் மரம் ஏற ஆள் வேண்டும். எங்கள் பக்கம் தேங்காய் போடுவது நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு தடவை. அந்த நாளில்தான் மரமேறி வருவார். அதனால் எங்கள் கிளப் கூட்டமே அந்த மாதம் இரண்டாம் ஞாயிறை விட்டு, தேங்காய் போடுகிற நாளுக்கு மாறியது. பன்னிரண்டு பேர் காலை ஆறரைக்கெல்லாம் பஸ்ஸிலும் டிவிஎஸ் ஐம்பதிலும் ஒறம்பரைக்கு வருகிற மாதிரி வந்து சேர்ந்தோம்.

நான் கொண்டுபோனது எனாமல் பூசிய காப்பர் கம்பி. மோட்டாருக்குள் சுற்றுகிற அதே கம்பி. எனாமலை உரிக்காமலே கட்டலாம். அலைக்கு அது ஒரு தடையே இல்லை. நடு இன்சுலேட்டருக்கு மோட்டார் டெர்மினல் போடுகிற பேக்லைட் பலகையில் ஒரு துண்டு வெட்டி, மூன்று ஓட்டை போட்டிருந்தேன். ரெண்டு முனைக்கும், கரண்ட் கம்பத்து ஸ்டே கம்பியில் இருக்குமே முட்டை மாதிரிப் பீங்கான், அது. ஒரு பக்கத்துக்கு முப்பத்து மூன்று அடி.

மரமேறி கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவதற்கு மட்டும் ஒப்பவில்லை. "மரம் ஆடுமுங்க. இன்னிக்கிக் கட்டுனா ரெண்டு வருசத்துல கழுத்தை அறுத்துப்புடும்" என்றார். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி, மரத்துக்கும் கயிறுக்கும் நடுவில் வைத்தார். அதோடு விடவில்லை. மட்டை காய்ந்து விழுந்தால் கம்பியை அறுத்துக்கொண்டு போய்விடும், அதனால் கொண்டைக்குக் கீழே ஒரு மூங்கிலை வெளியே நீட்டிக் கட்டி, அதன் நுனியில் கப்பி மாட்டலாம் என்றார். எங்கள் வாத்தியார் ஆன்டெனாப் புத்தகம் முழுக்கப் படித்தவர். அதில் மட்டை விழுவது பற்றி ஒரு வரியும் இல்லை.

அதுவும் போதவில்லை. தென்னை காற்றில் ஆடும். ரெண்டு மரமும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தால் கம்பி படக்கென்று போய்விடும். அதற்கு ஒரு முனையை இறுகக் கட்டாமல், கப்பி வழியாகக் கயிறை இறக்கி அதில் ஒரு பாரத்தைத் தொங்கவிட வேண்டும். மரம் ஆடினால் பாரம் ஏறி இறங்கும், கம்பி இழுபடாது. கல் தேடினார்கள். நான் டிவிஎஸ்ஸில் கிடந்த ஒரு புகைந்த மோனோபிளாக் பம்ப் மோட்டாரின் ரோட்டாரைக் கட்டித் தொங்கவிட்டேன். அந்த ரோட்டார் பன்னிரண்டு வருஷம் அங்கே தொங்கியது. தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பதினோரு மணிக்குக் கம்பி மேலே நின்றது. திண்ணையில் ரிக், அதாவது ரேடியோ செட்டை, வைத்து மீட்டரைப் பார்த்தால், கம்பி ஏற்காமல் அலை திரும்பி வருவது வெகு குறைவு. தோட்டத்து அண்ணா மைக்கைப் பிடித்து அழைத்தார். பெங்களூரிலிருந்து ஒரு குரல், கன்னட வாசம் அடிக்கிற ஆங்கிலத்தில் பதில் சொன்னது. மரமேறி கையில் அரிவாளோடு திண்ணைக்குக் கீழே நின்றுகொண்டு, "நான் கட்டுன கம்பியிலயா இது வருது?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றோம் நாலைந்து பேர் ஒரே சமயத்தில். தோட்டத்து அண்ணா ஹெட்ஃபோனை அவர் காதில் வைத்தார். அவர் வீட்டு அக்கா எல்லோருக்கும் அரிசிம்பருப்பு சாதமும் கட்டித் தயிரும் போட்டார். மரமேறியும் எங்களோடு பந்தியில் உட்கார்ந்தார். 1993இல் எல்லாத் தோட்டத்திலும் அது நடந்துவிடாது.

வயர்லெஸ்ஸை ஊரில் எல்லோரும் தனியாள் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். ராத்திரியில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒருத்தன் மூலையில் உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்கிறார்கள். அவன் தலைக்கு மேலே இருக்கிற கம்பியை அவன் ஒருத்தனால் கட்டியிருக்க முடியாது. நான் கேட்ட ஒவ்வொரு குரலும் நாலு பேர் இழுத்துக் கட்டிய கம்பி வழியாகத்தான் வந்தது.

கம்பிக்காகவே ஒரு சுற்றுலாவும் போனோம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கிற ரேடியோ டெலஸ்கோப். 1970இல் கட்டி முடித்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதில் கண்ணாடியும் இல்லை, தகடும் இல்லை. இருபத்து நாலு சட்டங்கள் மேல் 1,100 எவர்சில்வர் கம்பிகள், ஒவ்வொன்றும் அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கிறது. வடக்கு தெற்காக ஒரு மலைச்சரிவில் படுத்திருக்கிறது. சரிவின் கோணம் அந்த இடத்தின் அட்சரேகையான பதினொரு டிகிரிக்கு ஏறக்குறையச் சமம். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். அந்தச் சரிவைத் தேடிக் கண்டுபிடித்தவர்களை நினைத்து ஃபோர்மேன் அண்ணா அன்று கண் கலங்கினார். நான் கம்பிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். ஆயிரத்து நூறு கம்பியை ஒரே இழுவையில் கட்டி நிறுத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று ஒரு வைண்டிங்காரனுக்குத் தெரியும்.

2004 டிசம்பரில் எங்கள் கிளப் முழுக்க அந்தமானைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பாரதி பிரசாத் என்ற ஹாம் அம்மா போர்ட் பிளேரிலிருந்து வி.யூ.4 என்று தொடங்கும் குறியில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்ததால் உலகமே அவரைப் பிடிக்க அலைமோதியது. 26ஆம் தேதி ஞாயிறு காலை சுனாமி வந்தது. போட்டியாக இருந்த அந்த அலைவரிசை அன்றே உதவிக்கான வழியாக மாறியது. தீவிலிருந்து செய்திகள் அந்த அம்மா வழியாகத் தாய்நிலத்துக்கு வந்துகொண்டிருந்தன. டாக்டரம்மா வீட்டில் ஏழு பேர் உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் கேட்டோம். நாங்கள் ஒரு முறைகூட மைக்கைத் தொடவில்லை. கூப்பிடாமல் உள்ளே புகுந்தால் ஒரு பேர், ஒரு ஊர் காதில் விழாமல் போய்விடும். வாயை மூடிக்கொண்டு பேனாவோடு விழித்திருப்பதுதான் அன்றைக்கு எங்கள் வேலை. 2024இல் வயநாட்டில் மலை சரிந்தபோது கல்பெட்டாவில் ஹாம்கள் நிலையம் அமைத்தார்கள். அப்போதும் எங்கள் ஆட்கள் பேட்டரிகளை நிரப்பி வைத்துக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் சந்தோஷமான விஷயம் ஒன்று நடந்தது. 2005 மே 5, பி.எஸ்.எல்.வி. சி6 ராக்கெட்டில் கார்ட்டோசாட்டோடு சேர்ந்து ஹாம்சாட் போனது. 42.5 கிலோ எடை. நம் நாட்டு ஹாம்களுக்காக நம் நாடே செய்த செயற்கைக்கோள். வாத்தியார் ஒரு மூங்கில் குச்சியில் வெல்டிங் ராடுகளைச் செருகி யாகி ஆன்டெனா செய்து, பள்ளி மைதானத்தில் பிள்ளைகளோடு நின்றார். தெற்கே ஒரு பீப் சத்தம் எழுந்து, தலைக்கு மேல் வந்து, வடக்கே தேய்ந்தது. பிள்ளைகள் அது போன திசையைப் பார்த்துக் கையசைத்தார்கள். 2014 வரை அது வேலை செய்தது. அதற்குள் பள்ளி அறை எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. வாத்தியார் ஓய்வு பெற்றதும் சாவி மறுத்துவிட்டார்கள். அதன் பிறகு கூட்டங்கள் பேக்கரியிலும், என் கடை மாடியிலும்தான்.

2012ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவையில் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் கிடையாது. பட்டறைகள் படுத்துவிட்டன. என் கடையிலும் மோட்டார் வரத்து நின்றுபோய், ரெண்டு பையன்களை வேலையை விட்டு நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அந்த வெசனத்தோடு ராத்திரி மாடிக்கு வந்து, பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ரிக்கைப் போட்டால், இரைச்சலே இல்லை. சாதாரண நாளில் மீட்டர் முள் ஒன்பதில் நிற்கும். தறி, ஸ்டார்ட்டர், டியூப்லைட் எல்லாம் சேர்ந்த இரைச்சல். கரண்ட் போனதும் முள் இரண்டுக்கு இறங்கிவிடும். கொங்கு நாடு முழுக்க இருட்டு, வானம் முழுக்கக் குரல். தென் அமெரிக்காவை நான் முதன்முதலில் கேட்டது அப்படி ஒரு ராத்திரியில்தான். கேட்டுச் சந்தோஷப்பட்டதற்கு மறுநாள் காலையில் அந்தப் பையன்களின் முகம் நினைவுக்கு வந்து சங்கடமாக இருந்தது. கரண்ட் நிலைமை சரியானதும் ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன். ஒருத்தன் இன்னும் என்னோடு இருக்கிறான்.

இப்போது இரைச்சல் வேறு மாதிரி. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், மாடிக்கு மாடி சோலார் இன்வெர்ட்டர். எங்கள் கிளப்பின் இன்றைய பெரிய வேலையே இரைச்சலை மோப்பம் பிடிப்பதுதான். கையில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ. கோவை வானொலி 999இல் வரும். அதிலிருந்து சித்தெ நகர்ந்து ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு தெருவில் நடப்போம். சத்தம் கூடுகிற பக்கம் போனால், ஒரு கம்பத்தில் பீங்கான் விரிசல் விட்டிருக்கும், அல்லது ஒரு வீட்டில் ஒரு மலிவான அடாப்டர் இருக்கும். நாங்களே இரைச்சலை அடக்குகிற ஃபெரைட் வளையம் வாங்கிக் கொடுத்து மாட்டிவிட்டு வருவோம். ஒரு வீட்டில் பாட்டி, "காசு எவ்வளவுங்க?" என்று கேட்டார். வேண்டாம் என்றதும் நம்பாமல் அரைப்படி நிலக்கடலை கொடுத்து அனுப்பினார்.

இளசுகள் செய்வதெல்லாம் எனக்குப் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. சர்வதேச விண்வெளி நிலையம் சில நாட்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்பும். விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதை ரேடியோவிலிருந்து செல்போனுக்குக் கேட்க வைத்தால், ரெண்டு நிமிஷத்தில் கோடு கோடாக ஒரு படம் விழும். ஒரு மாணவன் வீட்டில் கழற்றிப் போட்ட டிஷ்ஷை மேற்கே, வாளையார் மலைக்கு மேல் முப்பது டிகிரி தூக்கி வைத்து, 2018இல் போன கத்தார் செயற்கைக்கோளைக் கேட்கிறான்; ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் பகல் ராத்திரி எந்நேரமும் அதில் கிடைக்கிறது. 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து நம் பள்ளிப் பிள்ளைகளோடு பேசியது ஹாம் ரேடியோவில்தான். அந்த வாரம் எங்கள் குரூப் ஓயவே இல்லை. எஃப்.டி.8 என்று ஒன்று 2017இல் வந்தது. கம்ப்யூட்டர் பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை அனுப்பும், காதுக்கே எட்டாத சிக்னலையும் பிடித்துத் திரையில் காட்டும். அதன் திறமையை மதிக்கிறேன். இருந்தாலும் குரலோ தாளமோ இல்லாத தொடர்பு என் மனசில் ஒட்டவில்லை. அதைப் பையன்களிடமும் நேராகவே சொல்லிவிட்டேன். அவர்கள் அதற்காக என்னைத் தள்ளி வைக்கவில்லை. ஞாயிறு காலை ஏழரைக்கு ரேடியோவில் எல்லோரும் கூடுகிற நெட்டில் நான் பேர் அழைக்கும்போது ஒருத்தர் விடாமல் பதில் சொல்கிறார்கள்.

எனக்கு ஒரு கவலை மட்டும் உண்டு. கையடக்க ரேடியோ இன்று ரெண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கிடைக்கிறது. வாங்குகிறார்கள், மலைமேல் இருந்து குரலை வாங்கித் திரும்ப அனுப்புகிற ரிப்பீட்டரில் ரெண்டு நாள் பேசுகிறார்கள், பிறகு காணாமல் போகிறார்கள். அவர்கள் யாருடைய மாடியிலும் நாங்கள் ஏறியதில்லை. அவர்களும் யாருக்கும் கயிறு பிடித்ததில்லை. நிலைத்து நின்றவர்களைப் பார்த்தால், அநேகமாக எல்லோரும் கம்பி கட்டும் நாளுக்கு வந்தவர்கள்.

அன்னூருக்கு ஆறு பேர் போனோம். அந்தப் பிள்ளை இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். இப்போதெல்லாம் முதல் லைசென்ஸுக்கு மோர்ஸ் வேண்டாம், ஐம்பது வாட் வரை அனுப்பலாம். வீட்டில் அப்பா டெய்லர், அம்மா தறிக்குப் போகிறவர். மாடியில் ஒரு தண்ணித் தொட்டி, எதிரே ஒரு வேப்ப மரம். அறுபத்தாறு அடிக்கு இடம் பத்தவில்லை. நடுவைத் தொட்டி மேல் இருபதடிக் குழாயில் ஏற்றி, ரெண்டு முனையையும் கீழே இறக்கித் தலைகீழ் 'வி' போலக் கட்டினோம். ஒரு முனை வேப்ப மரத்துக்கு, இன்னொன்று பொடக்காலிச் சுவருக்கு. மரத்தில் கட்டும் முன்னால் நான் பையிலிருந்து சைக்கிள் டியூப்பை எடுத்தேன். அவள் அப்பா, "அது எதுக்குங்க?" என்றார். மரமேறி சொன்னதை அப்படியே சொன்னேன்.

மீட்டர் வைத்துப் பார்த்தால் கம்பி 6.95இல் நின்றது. சுவரும் தரையும் பக்கத்தில் இருந்தால் அப்படித்தான் கீழே இறங்கும். அவள் நோட்டில் மறுபடி வகுத்தாள். ஒரு பக்கத்துக்கு எட்டு அங்குலம் வெட்ட வேண்டும். கட்டிங் பிளேயரை அவள் கையில் கொடுத்தேன். வெட்டப் பயந்தாள். "எட்டுக்குப் பதிலா ஆறு வெட்டு. பாத்துட்டு மறுபடி வெட்டிக்கலாம்" என்றேன். ரெண்டாவது தடவையில் 7.1 வந்தது.

அவளுக்கு லைசென்ஸ் இன்னும் வரவில்லை. அனுப்பக் கூடாது, கேட்கலாம். நான் என் ரிக்கை வைத்து, என் குறியில் அழைத்தேன். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் இரைந்துகொண்டிருந்தது. அடியில், மெல்லிசாக, சேலத்திலிருந்து நம் ஃபோர்மேன் அண்ணா. மகன் வீட்டோடு போய்ப் பத்து வருஷமாகிறது, வயசு எண்பத்தொன்று, குரல் நடுங்குகிறது. "யாரு மாடியில இருக்கே தம்பி?" என்றார். சொன்னேன். "பிள்ளையைக் காதுல மாட்டச் சொல்லு" என்றவர், மைக்கை வைத்துவிட்டு மோர்ஸ் கீயைத் தட்டினார். மெதுவாக, நிமிஷத்துக்கு ஐந்து சொல்லுக்கும் குறைவாக. அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் ஹெட்ஃபோனைக் கழற்றாமல், பென்சிலால் நோட்டின் ஓரத்தில் குட்டையும் நெட்டையுமாகக் கோடு இழுத்துக்கொண்டே இருந்தாள். எழுதக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காரமடை. ரிட்டயரான போஸ்ட்மேன் ஒருத்தர் வீடு. இருபதடி ஏணி அங்கே இல்லையாம். நான்தான் டெம்போவில் கொண்டுபோக வேண்டும். வருகிறவர்கள் ஆறரைக்கெல்லாம் கணபதி கடைக்கு வந்துவிடுங்கள்.